கிராமப் பள்ளியும் கணினிக் கல்வியும்

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று குறிப்பிடும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்து வந்தது. அவருக்கு ஒரு கடிதம் வந்தால், தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ படித்துச் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீசில் ஒரு மனுக் கொடுக்க வேண்டுமானால், மரத்தடியில் அமர்ந்து மனு எழுதுபவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கடன் பத்திரத்தில் கண்ட வாசகம் இன்னதென்று அறியாமலேயே பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றிவிட்டு, பின்னர் நிலத்தைப் பறிகொடுத்துத் தவித்தவர்களும் உண்டு. பள்ளிகள் பெருகின, எழுத்தறிவு பரவிற்று, அந்நிலையும் பெரிதும் மாறிற்று.

ஆயின், அதே நிலை இன்று வேறொரு கோலத்தில் திரும்பி வருவதைக் காண்கிறோம். பட்டா நகல் வேண்டுமா? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வேண்டுமா? பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய வேண்டுமா? நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட வேண்டுமா? இவை யாவும் இப்போது கணினியின் வழியாகவே நடைபெறுகின்றன. பத்தாம் வகுப்புத் தேறிய ஒருவர்கூட, கணினித் திரையில் என்ன கேட்கப்படுகிறது, தம் பெயரில் என்ன பதியப்படுகிறது என்பதை அறியாமல், பிறர் கையில் காகிதங்களைக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்கிறார். விரல்ரேகைக் கருவியின் மீது விரலை வை என்றால் வைக்கிறார். எவ்வளவு தொகை என்று திரையைப் பார்ப்பதில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர் மீண்டும் கைநாட்டு ஆகிவிடுகிறார்.

பெரியவர்களின் நிலை இதுவாயின், அவர்களுடைய பிள்ளைகளின் நிலை என்ன ஆகும்? இன்று ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுவனும் சிறுமியும் இன்னும் பத்தாண்டுகளில் ஒரு தொழிலை நாடிச் செல்வர். அவ்வேளையில் அவர்கள் கணினியை ஆளக் கூடியவர்களாக இருப்பரா, அல்லது கணினி தெரிந்தவருக்குக் கூலி கொடுத்து நிற்பவர்களாக இருப்பரா? இவ்வினாவுக்கு விடை இன்று நம் ஊர்ப் பள்ளியிலேயே தீர்மானிக்கப்படுகிறது. ஆதலின், பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இப்பொருளைக் கவனத்துடன் ஆராய்வது மிகவும் அவசியமாகும்.

கணினி எழுத்தறிவு எனப்படுவது யாது?

கணினியைத் திறக்கவும் மூடவும் தெரிந்துகொள்வது மட்டும் கணினி எழுத்தறிவு ஆகாது. கைப்பேசியில் படம் பார்ப்பதும் ஆகாது. அதனை நான்கு ஆற்றல்களாகப் பிரித்துக் கூறலாம்.

முதலாவது, எழுதும் ஆற்றல். ஒரு கடிதத்தையோ விண்ணப்பத்தையோ தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றித் தட்டச்சு செய்து, சேமித்து, வேண்டியவருக்கு அனுப்பத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, கணக்கிடும் ஆற்றல். வரவு, செலவு, அளவு, எடை ஆகியவற்றை அட்டவணையாக அமைத்து, கூட்டவும் வகுக்கவும் ஒப்பிடவும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, ஆராய்ந்து அறியும் ஆற்றல். இணையத்தில் ஒரு செய்தியைத் தேடி எடுத்து, அதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், ஏன் சொன்னார் என்று வினவி, மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய வேண்டும்.

நான்காவது, காத்துக்கொள்ளும் ஆற்றல். தன் கடவுச்சொல்லையும், வங்கிக் கணக்கையும், புகைப்படத்தையும், மானத்தையும் பிறர் கவர்ந்துகொள்ளாதபடி பாதுகாத்துக்கொள்ள அறிந்திருக்க வேண்டும்.

இந்நான்கும் ஒருங்கே அமைந்தவரையே கணினி எழுத்தறிவு பெற்றவர் எனலாம். ஒன்று குறைந்தாலும் குறையே. தட்டச்சில் வல்லவனான இளைஞன், வந்த செய்தியை ஆராயாது நம்பிப் பணத்தை இழப்பானாயின், அவன் கற்ற கல்வியால் விளைந்த பயன் என்ன?

வீட்டில் கைப்பேசி இருப்பது போதாதா?

"எங்கள் பையன் கைப்பேசியைக் கையில் எடுத்தால் நமக்கே பாடம் சொல்லுகிறான். அவனுக்குப் பள்ளியில் வேறு கற்பிக்க வேண்டுமா?" என்று பெற்றோர் சிலர் கேட்பர். இக்கேள்வி நியாயமானதே. இதற்கு விடை கூற, 'அசர்' எனப்படும் கல்வி ஆய்வு 2023-ஆம் ஆண்டில் கண்டறிந்த உண்மைகள் துணை செய்யும். 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களின் கிராமப் பகுதிகளில், 14 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இவ்வாய்வு நடத்தப்பெற்றது. தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டம் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

பத்தில் ஒன்பது வீடுகளில் நவீனக் கைப்பேசி இருந்தது. பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களாகவும் இருந்தனர். ஆனால், கைப்பேசியைக் கையில் கொடுத்துச் சிறு பணிகளைச் செய்யச் சொன்னபோது நிலைமை வேறாக இருந்தது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்று வரைபடத்தைக் கொண்டு கூறியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமானவர்கள்தாம். சமூக ஊடகங்களைப் பயன்படுத்தியவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேரே தம்மைக் காத்துக்கொள்ளும் வழிமுறைகளை அறிந்திருந்தனர்.

இன்னொரு செய்தி நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. கைப்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களுள் 43.7 சதவிகிதத்தினர் தமக்கெனச் சொந்தக் கைப்பேசி வைத்திருந்தனர். பெண்களில் அவ்வாறு வைத்திருந்தவர்கள் 19.8 சதவிகிதத்தினரே. வீட்டில் ஒரே கைப்பேசி இருக்குமானால், அது முதலில் அப்பாவின் சட்டைப் பையிலும் பிறகு அண்ணன் கையிலும் இருக்கும். தங்கையின் கைக்கு எட்டுவது அபூர்வம். ஆகவே, கணினிக் கல்வியை வீட்டின் பொறுப்பில் விட்டால் பெண் குழந்தைகள் பின்தங்கிவிடுவர். ஆணுக்கும் பெண்ணுக்கும், நிலமுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கும் கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கும், சமமாக வாய்ப்பளிக்கக் கூடிய இடம் பள்ளி ஒன்றே.

தொழிலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

கணினி கற்பது நகரத்துக் கம்பெனிகளில் வேலை தேடுவோருக்கே உரியது என்னும் எண்ணம் தவறானது. கிராமத்தைச் சார்ந்த தொழில்களும் கணினியைச் சார்ந்தே நடக்கத் தொடங்கிவிட்டன. சில சான்றுகளை இங்கே எடுத்துக்காட்டுவோம்.

நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு, 2022-ஆம் ஆண்டில் ரூ. 2,516 கோடியில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. சங்கத்தில் பேரேடு எழுதும் எழுத்தருக்கு இனிக் கணினி அறிவு இல்லாமல் தீராது. வேளாண் விளைபொருள்களை மின்னணு ஏலத்தில் விற்கும் தேசிய வேளாண் சந்தை 2016-இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 'உழவன்' செயலி 2018-இல் வெளியிடப்பட்டது. பால் சங்கங்களிலும் கொழுப்பின் அளவைக் கருவி அளந்து சீட்டில் அச்சிட்டுத் தருகிறது. வயலில் மருந்து தெளிக்கும் டிரோன் என்னும் பறக்கும் கருவியை இயக்கச் சான்றிதழ் பெறுவதற்கு, 18 வயது நிரம்பியிருப்பதோடு பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று விதி உள்ளது. அக்கருவியை இயக்குபவர் வயலின் எல்லையைத் திரையில் குறிக்கவும், வரைபடத்தைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

அரசாங்க வேலையை நாடுவோர் நிலையும் இத்தகையதே. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு இணையத்தின் மூலமே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் இரவு பகலாகப் படித்துத் தேர்வுக்குத் தயாராகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தை அவளே நிரப்பாமல், கடைசி நாளன்று கூட்ட நெரிசலில், கடைத்தெருவில் உள்ள கணினி மையத்தில் கொடுக்கிறாள். அங்கிருப்பவர் அவசரத்தில் பிறந்த தேதியையோ வகுப்புப் பிரிவையோ தவறாகப் பதிந்துவிடுகிறார். அவள் அதைப் படித்துப் பார்க்காமல் ரசீதை வாங்கிக்கொண்டு வருகிறாள். தேர்வில் வெற்றி பெற்ற பிறகு, சான்றிதழ் சரிபார்க்கும் போதுதான் பிழை தெரிய வருகிறது. அவளுடைய உழைப்பும் அவள் தந்தையின் செலவும் வீணாகலாம். இத்தகைய நஷ்டத்தைத் தடுக்கப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு படிவத்தைத் தானே நிரப்பி, அனுப்புமுன் ஒருமுறை முழுதும் படித்துப் பார்க்கும் பழக்கம் போதும். அப்பழக்கத்தைப் பள்ளியிலேயே ஊட்டிவிட வேண்டும்.

எவ்வகுப்பில் எதைக் கற்பிப்பது?

வயதுக்கேற்ற பாடமே மனத்தில் தங்கும். கீழ்க்காணும் முறை கிராமப் பள்ளிகளுக்கு ஏற்றதாகும்.

ஐந்தாம் வகுப்பு வரை: இவ்வயதில் திரையைவிடப் புத்தகமும் பலகையும் மணலும் விதைகளுமே நல்ல சாதனங்கள். தடையின்றிப் படிக்கவும், பிழையின்றி எழுதவும், கூட்டிக் கழிக்கவும் வராத குழந்தைக்குக் கணினியால் நன்மை விளையாது. அடித்தளம் உறுதியாகாமல் மேல்மாடி கட்டலாகாது.

6 முதல் 8 வரை: தமிழ்த் தட்டச்சை இப்போதே தொடங்க வேண்டும். 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை முறை ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகளுக்கும் மெய் வரிசைகளுக்கும் தனித்தனி விசைகள் இதில் உண்டு. உயிர்கள் இடப்பக்கத்திலும், மெய் வரிசைகளில் பெரும்பாலானவை வலப்பக்கத்திலும் அமைந்துள்ளன. 'க'வையும் 'ஆ'வையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கா' வரும். ஆதலால் 247 எழுத்துகளுக்கும் 247 விசைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; தமிழ் எழுத்தின் இலக்கணம் தெரிந்த குழந்தைக்கு இம்முறை எளிதில் கைவரும். தட்டச்சோடு, எழுதியதைப் பெயரிட்டுச் சேமித்தல், மறுநாள் தேடி எடுத்தல், இணையத்தில் ஒரு வினாவுக்கு விடை தேடுதல் ஆகியவற்றையும் பழக்கலாம்.

இவ்வகுப்புகளுக்கு மழைப் பதிவு ஒரு சிறந்த செயல்முறைப் பாடமாகும். பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து, கணினி அட்டவணையில் பதிந்து வரச் செய்யலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஓர் ஏக்கரில் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டருக்கும் அதிகம். இக்கணக்கைத் தம் வீட்டுத் தோட்டத்திற்குப் போட்டுப் பார்க்கும் குழந்தை, கணினியோடு நிலத்தையும் அறிந்துகொள்ளும்.

9, 10: இங்கே கணக்கு அட்டவணை முதன்மை பெற வேண்டும். மாணவன் தன் வீட்டுச் சாகுபடிக் கணக்கையே பாடமாகக் கொள்ளலாம். உதாரணமாக, ஓர் ஏக்கர் நெல்லுக்கு உழவு ரூ. 4,500, விதை ரூ. 1,500, நடவு ரூ. 6,500, உரம் ரூ. 5,000, களையெடுப்பும் மருந்தும் ரூ. 4,000, அறுவடை ரூ. 4,500 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ. 26,000. விளைச்சல் 20 குவிண்டாலாயின், ஒரு குவிண்டாலுக்கு அடக்கச் செலவு ரூ. 1,300. இதனோடு, குடும்பத்தார் உழைத்த 20 நாள்களுக்கு நாளொன்றுக்கு ரூ. 500 வீதம் ரூ. 10,000 சேர்த்தால், மொத்தம் ரூ. 36,000 ஆகும், அடக்கச் செலவு ரூ. 1,800 ஆக உயரும். அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறுவதை மாணவன் காண்பான். தந்தையின் உழைப்புக்கும் விலை உண்டென்பதையும் அவன் உணர்வான். மாலையில் அவன் வீட்டுக்கு வந்து, "அப்பா, நம் கணக்கில் உங்கள் கூலியை நாம் சேர்ப்பதே இல்லையே!" என்று சொல்வானாயின், அதுவே அக்கல்விக்குக் கிடைத்த வெற்றி.

இதே வகுப்புகளில் பாதுகாப்புப் பாடமும் தவறாது நடைபெற வேண்டும். கைப்பேசி வழியே பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. அதில் ரகசிய எண் பணம் அனுப்புவதற்கே தேவை. பணம் பெறுவதற்குத் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எவரேனும் கூறினால், அது மோசடி என்று உடனே தெளிய வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவர் எவராயினும் அவரிடம் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் காலதாமதமின்றி 1930 என்னும் தொலைபேசி எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும். இம்மூன்று செய்திகளையும் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டில் மூவருக்குச் சொல்லி வரும்படி வீட்டுப்பாடம் கொடுக்கலாம்.

11, 12: தொழிலை நோக்கிய பயிற்சி இவ்வகுப்புகளுக்கு உரியது. தன்னைப் பற்றிய குறிப்பை ஒரு பக்கத்தில் எழுதுதல், மாதிரி விண்ணப்பத்தை நிரப்புதல், புகைப்படத்தையும் கையொப்பத்தையும் குறித்த அளவில் சேர்த்தல், கல்லூரி மற்றும் உதவித்தொகை பற்றிய விவரங்களை அரசாங்கத்தின் இணையதளத்திலேயே தேடிப் படித்தல், எளிய நிரல் எழுதுதல் ஆகியவை கற்பிக்கத் தக்கவை. கேட்ட கேள்விக்கு மனிதரைப் போல் விடை எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றை அறவே விலக்கவும் வேண்டாம்; அவை சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். பயிருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று அவற்றைக் கேட்டால் தவறான அளவைக்கூட உறுதியான குரலில் கூறிவிடக்கூடும். அவ்விடையை வேளாண்மை அதிகாரியிடமோ வேளாண்மைப் பல்கலைக்கழக வெளியீட்டிலோ ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்னும் நெறியை மாணவர் மனத்தில் பதிக்க வேண்டும்.

அண்டை மாநிலத்தின் அனுபவம்

கணினிக் கல்வியில் கேரளம் பெற்ற அனுபவம் நமக்கும் பயன் தரக்கூடியது. பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்பத் தனித்ததொரு திட்டத்தை அம்மாநிலம் 2001-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. விலை கொடுத்து வாங்க வேண்டாத கட்டற்ற மென்பொருள்களை அங்குள்ள பள்ளிகள் பயன்படுத்தி வருகின்றன. 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் சங்கங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் அமைக்கப்பட்டன. பள்ளிக் கருவிகளைப் பேணுவதில் அம்மாணவர்களே உதவுகின்றனர். 2022-இல் அவர்கள் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்புகளும் நடத்தினர்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் குறிப்பாக நோக்க வேண்டியது திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறைப் பஞ்சாயத்தின் முயற்சியாகும். வேலை உறுதித் திட்டத்தில் உழைத்த மக்கள், தம் கூலி வங்கியில் சேர்ந்ததா என்று அறிவதற்காகவே வேலையை விட்டு வங்கிக்குச் செல்ல நேர்ந்தது. இக்குறையைக் கண்டு அப்பஞ்சாயத்தில் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, கைப்பேசியைக் கையாளத் தெரியாதவர்களைக் கணக்கெடுத்து, வேலை நடைபெறும் இடத்திலும் வீட்டுத் திண்ணையிலும் பாடம் நடத்தினர். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில், அனைவரும் கணினி எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்தாகப் புல்லம்பாறை அறிவிக்கப்பட்டது. அம்முறையையே மாநிலம் முழுவதும் கையாண்டு, 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்த பின், 2025 ஆகஸ்டில் கேரளம் முழுக் கணினி எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பஞ்சாயத்தின் அக்கறை ஒரு மாநிலத்தின் திட்டமாக வளர்ந்தது என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை.

பூட்டிய அறையால் பயனில்லை

தமிழ்நாட்டில் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011-இல் தொடங்கப்பட்டது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில், கைப்பேசியால் படித்தறியக் கூடிய கட்டக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், கணினி வசதியுள்ள பள்ளிகள் 2023-24-இல் 57.2 சதவிகிதமாக இருந்து, 2024-25-இல் 64.7 சதவிகிதமாக உயர்ந்தன. இணைய வசதியுள்ளவை 53.9-லிருந்து 63.5 சதவிகிதமாயின.

கருவிகள் வந்துவிட்டன, வந்து கொண்டுமிருக்கின்றன. ஆனால் கருவி வேறு, கல்வி வேறு. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 40 மாணவர்கள். ஆய்வகத்தில் 10 கணினிகள். ஒரு கணினிக்கு நால்வர். வாரத்தில் இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால், 80 நிமிடம். நால்வர் பகிர்ந்துகொண்டால் ஒருவர் கையில் விசைப்பலகை இருக்கும் நேரம் 20 நிமிடமே. ஆண்டுக்கு 40 வாரம் பள்ளி நடந்தாலும், ஒரு மாணவனுக்குக் கிடைப்பது 800 நிமிடம்; அதாவது 13 மணிக்குச் சற்று அதிகம். கிராமப்புற மக்களுக்கென 2017 முதல் 2024 மார்ச் வரை நடைபெற்ற பிரதம மந்திரி கிராமப்புறக் கணினி எழுத்தறிவுத் திட்டத்தில்கூட ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சி வகுக்கப்பட்டிருந்தது. வாரத்தில் ஒரு பாடவேளை வேறு பாடத்துக்குப் போய்விட்டாலோ, மின்கலம் பழுதுபட்டு ஆய்வகம் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தாலோ, அந்த 13 மணியும் தேய்ந்துவிடும்.

ஆகவே, "நம் பள்ளியில் எத்தனை கணினிகள் உள்ளன?" என்று கேட்பதோடு நிற்கலாகாது. "நம் ஊர்ப் பிள்ளை ஒன்றின் கையில் வாரத்திற்கு எத்தனை நிமிடம் விசைப்பலகை இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். இதுவே சரியான அளவுகோல்.

பஞ்சாயத்துகள் செய்யத் தக்கவை

அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்குரிய 29 பொருள்களுள் தொடக்கக் கல்வியும் இடைநிலைக் கல்வியும், தொழிற்கல்வியும், நூலகமும் இடம்பெற்றுள்ளன. ஆதலின் பள்ளி ஆய்வகம் பூட்டிக் கிடப்பது கல்வித் துறையின் கவலை மட்டுமன்று, ஊரின் கவலையுமாகும். ஊரார் செய்யக் கூடியவை வருமாறு:

1. பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில், ஆய்வகம் அம்மாதம் எத்தனை நாள் திறந்திருந்தது, எத்தனை கணினிகள் ஓடின என்னும் விவரத்தைக் கேட்டுக் குறித்து வைத்தல்.

2. மின் இணைப்பு, மின்கலம், ஒழுகாத கூரை, எலி புகாத கதவு ஆகியவற்றைச் செம்மையாக வைத்திருக்க உதவுதல். மின் அழுத்த ஏற்றத்தாழ்வாலும் தூசியாலும் எலிகளாலும் பழுதுகள் நேரக்கூடும்.

3. தலைமையாசிரியரின் இசைவு பெற்று, ஆசிரியரோ படித்த ஊர் இளைஞரோ மேற்பார்வையிட, பள்ளி விட்ட பிறகு வாரம் இரு நாள் ஒரு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்தல்.

4. அந்நேரத்தில் பெண் பிள்ளைகள் தவறாது வருவதற்கும், பொழுது சாயுமுன் பத்திரமாக வீடு திரும்புவதற்கும் வழி செய்தல்.

5. ஊர் நூலகத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒரு கணினியைப் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பயிற்சிக்கென ஒதுக்குதல்.

6. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிராம சபையில் மாணவர்கள் தாங்கள் தொகுத்த மழைப் பதிவையும் சாகுபடிக் கணக்கையும் ஊரார் முன் படிக்கச் செய்தல். தம் பிள்ளை கணக்குச் சொல்வதைச் சபையில் கேட்ட தந்தை, மறு ஆண்டு அப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தத் துணியமாட்டார்.

இவற்றுள் பெரும் பொருட்செலவு வேண்டுவது ஒன்றுமில்லை. தொடர்ந்த கவனம் ஒன்றே வேண்டும்.

ஓர் ஐயம்

"கணினி கற்ற பிள்ளை ஊரை விட்டுப் போய்விடுமே" என்று வருந்துவோர் உளர். கல்லாத பிள்ளைகளும் பிழைப்பைத் தேடி ஊரை விட்டுப் போகத்தான் செய்கின்றனர். அவர்கள் குறைந்த கூலிக்குப் போகின்றனர் என்பதே வேறுபாடு. போவதும் தங்குவதும் பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டுமே தவிர, அறியாமையின் கட்டாயமாக இருக்கலாகாது. ஊரிலேயே தங்கிப் பயிர் செய்ய விரும்பும் இளைஞனுக்கு, சந்தை நிலவரத்தையும் வானிலை அறிக்கையையும் தன் கணக்கையும் தானே படிக்கத் தெரிந்திருப்பது பெரும் பலமாகும்.

கைப்பேசியால் பிள்ளைகள் கெடுகின்றனர் என்னும் அச்சத்திலும் உண்மை உண்டு. அளவின்றித் திரையைப் பார்ப்பதால் தூக்கமும் படிப்பும் கெடும். ஆயின், கிணற்றில் விழுவார்கள் என்று அஞ்சி நாம் கிணறு வெட்டாமல் இருப்பதில்லை; கைப்பிடிச் சுவர் எழுப்புகிறோம், பிள்ளைகளுக்கு நீச்சலும் கற்றுக்கொடுக்கிறோம். பள்ளியில் முறையாகப் பெறும் கணினிக் கல்வி அத்தகையதே.

முடிவாக

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டு முதல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினார். எழுதப் படிக்க அறியாத குடியானவர்கள்கூடத் தம் ஊர்ப் பள்ளிக்குப் பெஞ்சும், கரும்பலகையும், குடிநீர்ப் பானையும், கட்டடமும் மனமுவந்து அளித்தனர். தாம் பெறாத கல்வியைத் தம் பிள்ளைகள் பெற வேண்டும் என்னும் ஒரே எண்ணம் அவர்களிடம் இருந்தது. அவர்கள் அன்று அளித்த கரும்பலகையின் எதிரில் அமர்ந்து படித்தவர்களே பின்னாளில் நம் ஆசிரியர்களும் மருத்துவர்களும் அதிகாரிகளும் ஆயினர்.

அக்கடமையே இன்று நம்மிடம் வந்து நிற்கிறது. கணினியை ஆளத் தெரியாத பெற்றோராக நாம் இருக்கலாம். அதில் வெட்கம் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பள்ளியின் கணினி அறைச் சாவி எங்கே இருக்கிறது, அக்கதவு வாரத்தில் எத்தனை முறை திறக்கிறது என்பதை நாம் அறியாமலிருக்கலாகாது. அடுத்த கிராம சபை கூடுமுன், உறுப்பினர் இருவரும் விவசாயி இருவரும் பள்ளிக்குச் சென்று அவ்வறையை ஒருமுறை பார்த்து வாருங்கள். ஒரு சிறுமியைக் கணினியின் முன் அமரச் செய்து, தன் ஊரின் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். அவள் எழுதிவிட்டால் ஆசிரியரைப் பாராட்டுங்கள். எழுத இயலாவிட்டால், நாம் செய்ய வேண்டிய பணி அங்கிருந்தே தொடங்குகிறது.